யாருமே கேட்காத இதழ்கள்

சில வருடங்களுக்கு முன்னால் பழைய ஆய்விதழ் ஒன்றில் வந்த கட்டுரைக்காக நாலு மாதம் காத்திருந்தேன். எங்கள் நூலகத்தில் படிவம் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் இன்னொரு நூலகத்துக்கு எழுதினார்கள். "எங்களிடம் இல்லை" என்ற பதில் வரவே ஆறு வாரம். பிறகு மூன்றாவது நூலகம். கட்டுரை கைக்கு வந்தபோது நான் எழுதிக்கொண்டிருந்த அத்தியாயம் முடிந்தே போயிருந்தது. சம்பந்தப்பட்ட யாரும் சோம்பேறிகள் இல்லை. அப்போ கோளாறு எங்கே? அதைத் தேடப் போய்த்தான் டொனால்ட் அர்கார்ட் என்ற பிரிட்டிஷ் நூலகரைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

பிரிட்டனில் மாணவர்களுக்கான மைய நூலகம் 1916இல் தொடங்கி, 1931இல் தேசிய மைய நூலகமாக ஆனது. அதைச் சுற்றி வட்டார மையங்களும் உருவாயின. முறை இதுதான்: உங்கள் நூலகம் வட்டார மையத்தைக் கேட்கும். அவர்கள் கூட்டு அட்டவணையில் தேடி, புத்தகம் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். கோரிக்கை அங்கே போகும். அங்கே அது இரவலில் போயிருந்தால் அடுத்த நூலகம். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று முழுசாகத் தெரிந்துவிட்டால் வேலை தானாக நடக்கும் என்பது நம்பிக்கை.

அர்கார்ட் கேள்வியையே மாற்றிப் போட்டார். எது எங்கே இருக்கிறது என்பதை விடுங்கள், ஜனங்கள் எதைக் கேட்கிறார்கள்? லண்டன் சயின்ஸ் மியூசியம் நூலகம் 1956இல் வெளியே அனுப்பிய இதழ்களை எண்ணிப் பார்த்தார். அங்கிருந்த தலைப்புகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவையே 80 சதவீதத் தேவையைத் தீர்த்துவிட்டன. ஏறத்தாழ பாதி இதழ்களை அந்த வருடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் "கேட்காததைத் தூக்கிப் போடு" என்றுதான் நமக்குத் தோன்றும். அவர் கண்ட முடிவு வேறு. ரொம்பக் கேட்கப்படுவதை அந்தந்த நூலகமே வாங்கி வைக்கட்டும். எப்போதாவது கேட்கப்படுவதை நாட்டுக்கே பொதுவாக ஓர் இடத்தில் வைத்து, அங்கிருந்து உடனே அனுப்பலாம்.

அந்த இடம் யார்க்‌ஷயரில் பாஸ்டன் ஸ்பா ஊருக்குப் பக்கத்தில் அமைந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து வெடிமருந்துத் தொழிற்சாலை வளாகம் அது. அறிவியல் தொழில்நுட்பத்துக்கான தேசிய இரவல் நூலகம் 1962இல் அங்கே திறக்கப்பட்டது. வாசகர் வந்து உட்கார வசதியான ஊர் இல்லைதான், ஆனால் நாட்டின் நடுவாக்கில் இருந்ததால் தபாலுக்குத் தோது. இதழ்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கவில்லை. தலைப்பின் அகரவரிசையில் அடுக்கிவிட்டார்கள். படிவத்தில் இருக்கும் தலைப்பே அலமாரிக்கு வழி சொல்லிவிடும், நடுவில் அட்டவணையைப் புரட்ட வேண்டாம். படிவங்களையும் நூலகங்கள் முன்பணம் கட்டி வாங்கிக்கொள்ளும். படிவமே காசு என்பதால் ஒவ்வொரு இரவலுக்கும் பில் போடும் வேலை இல்லை. 1973இல் இந்த நூலகமும் தேசிய மைய நூலகமும் சேர்ந்து பிரிட்டிஷ் லைப்ரரியின் இரவல் பிரிவாயின.

இதைப் படிக்கும்போது நம்ம சீர்காழிக்காரர் ரங்கநாதன் ஞாபகம் வராமல் இருக்காது. அவர் பொருள்வாரிப் பகுப்புக்கே பேர்போனவர். அர்கார்டோ பகுப்பையே வேண்டாம் என்றவர். ஆனாலும் வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று 1931இல் ரங்கநாதன் வகுத்த நாலாவது விதிதான் பாஸ்டன் ஸ்பாவிலும் நடந்தது. வகைப்பாடு ஒரு வழி. அது நேரத்தைத் தின்னும் இடத்தில் விட்டுவிடுவதும் இன்னொரு வழி.

என்னுடைய நாலு மாதத்தில் தபால் வண்டியில் போனது சில நாட்கள்தான் இருக்கும். மிச்சமெல்லாம் "உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்ததில் போனது. வேகமான வண்டி விட்டு அதைச் சரிசெய்ய முடியாது. "நிச்சயம் எங்களிடம் இருக்கும்" என்று சொல்ல ஓர் இடம் வேண்டும்.

நம்மூரில் இடமில்லை என்று பழைய தொகுதிகளைக் கழிக்கும்போது இதுதான் எனக்குக் கவலை. வேறு எங்கேயாவது இருக்கும் என்று ஒவ்வொரு நூலகமும் நினைத்தால், கடைசிப் பிரதி எது என்று யாருக்கும் தெரியாமலே அதுவும் எடைக்குப் போய்விடும். எனக்கு வேண்டியிருந்த இதழை அந்த வருடம் வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எனக்கு வேண்டியிருந்ததே!