துரை பங்களாவும் லயமும்: மூணாற்றுக் கட்டடக்கலை - ஒரு நோக்கு

முன்னுரை

பாலக்காட்டின் நெல்லியாம்பதி, இடுக்கியின் மூணாறு முதலிய மலைப்பகுதிகளில் ஆங்கிலேயர் காலத் தோட்ட பங்களாக்கள் இன்றும் உள்ளன. அவற்றின் எழிலைப் பேசுவோர் பலர்; அருகிலிருந்த தொழிலாளர் குடியிருப்பைக் கட்டடக்கலைக்குள் வைத்துப் பேசுவோர் சிலரே. இரண்டும் ஒரே அமைப்பின் இரு கூறுகள் என்பதை மூணாற்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தோட்டத்தின் தோற்றம்

1877இல் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவாயிற்று. திருநெல்வேலி, மதுரை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியே தமிழர் தோட்டப் பணிக்குக் கொண்டுவரப்பட்டனர்.

பங்களா

‘பங்களா’ என்பது வங்காள வீட்டமைப்பைக் குறித்து எழுந்த சொல். தாழ்வாரம் இந்நாட்டுக்குரியது; கணப்பு அடுப்பு, புகைபோக்கி, முகப்புப் புல்வெளி, வளைந்து ஏறும் பாதை ஆகியன இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகையை நினைவூட்டுவன. மலைக்குளிருக்குக் கணப்பு தேவையே. ஆயின், மேட்டிடத்தைத் தேர்ந்தமைக்குக் குளிர் காரணமன்று. தோட்டம் முழுவதும் துரையின் பார்வையில் அடங்க வேண்டும் என்பதே முதன்மைக் காரணம் எனக் கருதலாம்.

இங்கிலாந்திலும் மாளிகையின் காட்சி எளியோர் இருப்பிடத்தை முடிவுசெய்தது. தம் மாளிகைச் சூழலுக்காகப் பழைய ஊரையே அகற்றிய மில்டன் பிரபு, 1780 அளவில் மில்டன் ஆபாஸ் என்னும் புதிய சிற்றூரை அமைத்தார்.

லயம்

தொழிலாளர் குடியிருப்பு ‘லயம்’ எனப்பட்டது. வரிசையைக் குறிக்கும் ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லோடும், குதிரைக் கொட்டிலைக் குறிக்கும் ‘லாயம்’ என்னும் சொல்லோடும் இஃது ஒலியால் நெருங்குவது கருதத்தக்கது. பொதுச்சுவரால் இணைந்த சிற்றறைகளின் வரிசையே லயம். பங்களாவில் விருந்துக்கும் உணவுக்கும் உறக்கத்துக்கும் தனித்தனி அறைகள். லயத்திலோ ஓர் அறையே பல பயன்களுக்கும் உரியதாயிற்று. ஓரிடத்தில் குடும்பத்தின் வசதியும், மற்றோரிடத்தில் வேலையாள் எண்ணிக்கையும் அளவுகோலாயின.

முடிவுரை

பழைய பங்களாக்கள் சில இன்று சுற்றுலா விடுதிகளாகப் பேணப்படுகின்றன. லயங்களுக்கு அத்தகைய பேணுதல் வாய்க்கவில்லை. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, பெட்டிமுடி நிலச்சரிவில் லயங்கள் மண்ணுள் புதைந்து 70 பேர் உயிரிழந்தனர். எனவே, லயத்தின் அமைப்பு, அமைவிடம், அங்கு வாழ்ந்தோரின் வாய்மொழி ஆகியவற்றையும் பதிவுசெய்வது தமிழாய்வின் உடனடிக் கடமையாகும். லயத்தை விடுத்து எழுதப்படும் பங்களா வரலாறு பாதி வரலாறே.