வானொலிக் கற்றைப் போர்

இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பேசுங்கால் நாம் படைகளையும் தளபதிகளையும் நினைக்கின்றோம். கண்ணுக்குப் புலனாகாத வானொலி அலைகளும் அப்போரில் ஈடுபட்டன என்பதை எண்ணுவோர் சிலரே. அவ்வலைகள் இருவகைப் பணி புரிந்தன. விமானத்தின்மேல் பட்டு மீளும் அலையைக் கொண்டு அதன் தொலைவை அறிவது ராடார். இருளில் செல்லும் விமானிக்கு வழிகாட்டுவது மற்றொன்று. இவ்வழிகாட்டியின் வரலாற்றையே ஈண்டுக் கூறுகின்றோம்.

மூடுபனியில் விமானம் பத்திரமாக இறங்குவதற்கென, போருக்கு முன்னரே ஜெர்மனியின் லோரென்ஸ் நிறுவனம் ஒரு முறையை வகுத்தது. அருகருகே இரண்டு அலைக்கற்றைகள். ஒன்றில் குற்றொலி, மற்றதில் நெட்டொலி. இரண்டும் கலக்கும் நடுக்கோட்டில் இடையறாத ஒரே ஒலி கேட்கும். எவ்வொலி மிகுகின்றதோ அதைக் கொண்டு, தான் எப்பக்கம் விலகினோம் என விமானி அறிவான். உயிர்காக்கப் பிறந்த இம்முறையை ஜெர்மானியர் குண்டுவீச்சுக்குத் திருப்பினர். ‘க்னிக்கெபைன்’, அதாவது கோணற்கால், என்பது அதன் மறைபெயர். ஒரு கற்றை இலக்கின்மேல் செல்லும். மற்றொன்று அதனை வெட்டுமிடத்தில் குண்டு விழும்.

பிரிட்டனில் வீழ்ந்த ஹைன்கெல் விமானம் ஒன்றே இம்மறையைக் காட்டிக்கொடுத்தது. இறங்குவதற்கு வேண்டிய அளவினும் அதன் ஏற்புக் கருவி மிக நுண்ணியதாயிருந்தது. 28 வயதே நிரம்பிய ஆர். வி. ஜோன்ஸ் என்னும் விஞ்ஞானி இதன் உட்பொருளை உணர்ந்து, 1940 ஜூன் 21 அன்று பிரதமர் சர்ச்சிலிடம் எடுத்துரைத்தார். பூமியின் வளைவைத் தாண்டி அக்கற்றை எட்டாது என ஐயுற்றோரும் உளர். அன்றிரவே ஆன்சன் விமானம் ஒன்று சென்று, சுமார் 400 முதல் 500 கஜ அகலமுள்ள கற்றையைக் கண்டுபிடித்தது. மற்றொரு கற்றை அதனை வெட்டிய இடம், ரோல்ஸ்ராய்ஸ் எஞ்சின் தொழிற்சாலை அமைந்த டெர்பி நகர்!

பிரிட்டிஷார் முதலில் மருத்துவமனைகளின் மின்வெப்பச் சிகிச்சைக் கருவிகளைக் கொண்டே அக்கற்றையைக் குழப்பினர். பின்னர்த் தாமே நெட்டொலியைப் பரப்பினர். ஆயினும் அவர்தம் வெற்றி முழுமையன்று. ஜெர்மானியர் ‘எக்ஸ் கருவி’ என்னும் வேறு நுண்முறையைக் கைக்கொண்டனர். அதனைக் குழப்பும் ஒலி விநாடிக்கு 2,000 அதிர்வாக இருத்தல் வேண்டும்; 1,500 ஆக அமைந்துவிட்டது. 1940 நவம்பர் 14 இரவு கவென்ட்ரி நகர் எரிந்தது; 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிறு அளவுப் பிழையும் போரில் எத்துணைக் கொடிதென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

போர் முடிந்தது, அக்கற்றை தன் பழைய தொழிலுக்கே மீண்டது. குளிர்கால மூடுபனியில் டில்லி விமான நிலையத்தில் இறங்கும் விமானத்துக்கு, இரு அலைகள் கலக்கும் நடுக்கோடே இன்று ஓடுபாதையைக் காட்டுகின்றது. ஊரிலிருந்து வரும் உற்றாரை எதிர்நோக்கி அங்கே காத்திருக்கும் நாம், இவ்வரலாற்றையும் நினைவிற்கொள்வோமாக.