மே டே! மே டே! மே டே!

கஷ்டத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ட்ரபிள், டிஃபிகல்ட்டி, டிஸ்ட்ரஸ் என்று அடுக்கலாம். ஆனால் கப்பல் மூழ்கும்போது வாக்கியம் அமைக்க ஏது நேரம்? அதற்கென்றே உண்டாக்கிய சில சொற்களின் கதை இது.

கம்பியில்லாத் தந்தி வந்த புதிதில், 1904இல், மார்க்கோனி கம்பெனி தன் ஆபரேட்டர்களுக்கு 'சி க்யூ டி' என்ற அபாய அழைப்பைக் கொடுத்தது. ஜெர்மானியர்கள் வைத்திருந்தது வேறு: மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. 1906 பெர்லின் மாநாட்டில் அதையே எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்கினார்கள். மோர்ஸில் படித்தால் அது 'எஸ் ஓ எஸ்'. 'சேவ் அவர் சோல்ஸ்' என்று நாம் சொல்லும் விரிவாக்கமெல்லாம் பின்னால் ஒட்டவைத்தது.

சட்டம் வந்தும் பழக்கம் போகவில்லை. 1912இல் டைட்டானிக்கின் ஆபரேட்டர் ஜாக் ஃபிலிப்ஸ் முதலில் தட்டியது பழைய 'சி க்யூ டி'யைத்தான். புது அழைப்பையும் அனுப்பிப் பாரேன், இதைவிட்டால் வாய்ப்புக் கிடைக்காது என்று உதவியாளர் ஹெரால்ட் பிரைட் கேலியாகச் சொன்னாராம். அந்த நேரத்தில் கேலி! பிரைட் பிழைத்தார், ஃபிலிப்ஸ் பிழைக்கவில்லை. அழைப்பைக் கேட்டு வந்த கார்பேத்தியா எழுநூறுக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியது.

பிறகு ரேடியோவில் பேசும் காலம் வந்தது. இரைச்சலில் 'எஸ்' என்ற எழுத்து சரியாகக் காதில் விழாது. 1923இல் லண்டன் குராய்டன் விமான நிலையத்து ரேடியோ அதிகாரி ஃபிரெடெரிக் மாக்ஃபோர்டிடம் வேறு சொல் கேட்டார்கள். அங்கே போக்குவரத்தில் பெரும்பகுதி பாரிஸோடு. ஆகவே 'எனக்கு உதவுங்கள்' என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லின் ஓசையை எடுத்து 'மேடே' என்றார். மே தினத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! 1927 வாஷிங்டன் மாநாடு இதை ஏற்றது. இரைச்சலில் வேறு சொல்லாகக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் மூன்று முறை சொல்வது. உயிராபத்து இல்லாத அவசரத்துக்கு 'பான் பான்', அதுவும் பிரெஞ்சுதான்.

இந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து வந்த அவியாங்கா 52 விமானம், மோசமான வானிலையால் நியூயார்க் போகும் வழியில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடிக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது, முன்னுரிமை வேண்டும் என்றார் துணை விமானி. 'மேடே' என்றோ 'எமர்ஜென்சி' என்றோ சொல்லவில்லை. எரிபொருள் குறைகிறது என்பது அந்த நெரிசலில் யாரும் சொல்லக்கூடியதுதானே! கட்டுப்பாட்டு அறையில் அதை அபாயமாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு இன்ஜின்களும் நின்று விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

இப்போது விமானிகளுக்கு விதியே இருக்கிறது. இறங்கும்போது கையிருப்பு எரிபொருளிலும் குறைந்துவிடும் என்று தெரிந்தால், 'மேடே' என்று மூன்று முறை சொல்லி 'ஃப்யூயல்' என்று முடிக்க வேண்டும்.