பனிச்சறுக்கில் குறுந்திருப்பம்

குறுந்திருப்பம் என்பது, செங்குத்தான பனிச்சரிவில் இறங்குபவர் வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்காக இடமும் வலமுமாக அடுத்தடுத்து எடுக்கும் சிறு வளைவுகளைக் குறிக்கும். இன்று இது அழகிய அசைவாகப் பார்க்கப்பட்டாலும், விழாமல் இறங்க வேண்டும் என்ற தேவையிலிருந்தே பிறந்தது. திரும்பும்போது உடல் சுழல வேண்டுமா, கால்கள் மட்டும் சுழன்றால் போதுமா என்ற கேள்வியே இதன் வரலாற்றின் மையமாகும்.

தொடக்கம்

நோர்வேயின் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோண்ட்ரே நோர்ஹைம் (1825–1897), குதிகாலையும் சுற்றிப் பிடிக்கும் கட்டுகளைப் பயன்படுத்தினார். இதனால் பலகையைக் காலால் திருப்புவது எளிதாயிற்று. ஆனால் ஆல்ப்ஸ் மலைச்சரிவுகள் நோர்வேயின் குன்றுகளைவிடச் செங்குத்தானவை. அவற்றுக்கேற்ற முறையை ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் வாழ்ந்த மத்தியாசு இசுதார்ஸ்கி (1856–1940) உருவாக்கினார். இவர் ஒரே ஊன்றுகோலைப் பயன்படுத்தி, பலகைகளை 'V' வடிவில் விரித்துத் திரும்பக் கற்பித்தார். 1905 மார்ச் 19 அன்று மூக்கன்கோகல் மலையில் 85 வாயில்கள் கொண்ட பந்தயத்தை நடத்தினார். வேகத்தைவிடத் திரும்பும் திறனைச் சோதித்த இப்பந்தயம், சிலாலம் போட்டியின் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

ஆர்ல்பெர்க் முறை

ஹான்னஸ் சினைடர் (1890–1955) புனித அந்தோன் ஊரில் 1907 முதல் பனிச்சறுக்குக் கற்பித்தார். உடலைத் தாழ்த்தி, பலகையை விரித்துத் தொடங்கி, உடலைச் சுழற்றித் திருப்பத்தை முடிப்பது இவரது முறை. 1938இல் நாட்சிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியதும் இவர் சிறைப்பட்டார். 1939இல் அமெரிக்காவின் நார்த் கான்வே ஊரில் குடியேறினார். ஆசிரியர் ஊரை இழந்தாலும், அவரது முறை கடல் கடந்து பரவியது.

இதற்கிடையே அன்டன் சீலோசு பலகைகளை விரிக்காமல் இணையாகவே வைத்துத் திரும்பினார். 1933, 1935 ஆண்டுகளில் உலக சிலாலம் பட்டத்தை வென்றார்.

வேடல்ன்

ஒளிப்படக் கலைஞரும் பயிற்றுநருமான இசுடீபன் குருக்கன்ஹவுசர், சிறந்த வீரர்களின் அசைவுகளை ஆராய்ந்து 'வேடல்ன்' முறையை வகுத்தார். இந்த செருமன் சொல்லுக்கு வாலாட்டுதல் என்று பொருள். பிரான்சின் வால் டிசேரில் 1955இல் நடந்த பன்னாட்டுப் பயிற்றுநர் மாநாட்டில் இது உலகின் கவனத்தை ஈர்த்தது. இதில் மார்பு பள்ளத்தாக்கை நோக்கியே நிற்க, இடுப்புக்குக் கீழே கால்கள் மட்டும் திரும்புகின்றன.

சமநிலை

உடல் முழுவதும் சுழன்றால், அடுத்த திருப்பத்திற்கு முன் அச்சுழற்சியை நிறுத்த வேண்டும். குறுந்திருப்பத்தில் அதற்கு நேரமில்லை. மேலுடல் அமைதியாக இருந்தால், கால்கள் உடனே எதிர்ப்பக்கம் திரும்பலாம். எடை வெளிப்புறப் பலகையின் மீது அமைவதும், ஒவ்வொரு திருப்பத்தின் தொடக்கத்திலும் ஊன்றுகோலைத் தொட்டு எடுப்பதும் சமநிலையைக் காக்கின்றன. பயத்தால் பின்னால் சாய்பவரின் பலகை முனைகள் எடையிழந்து கட்டுக்கடங்காமல் போகும். சரிவை நோக்கி முன்சாய்வதே பாதுகாப்பு என்பது தொடக்கநிலையாளர் ஏற்கக் கடினமான பாடமாகும்.

1990களில் இடை குறுகிய பலகைகள் பரவியபின், பலகையின் விளிம்பே வளைவை வரையத் தொடங்கியது. எனினும் செங்குத்தான, குறுகிய சரிவுகளில் கால்களைத் திருப்பும் பழைய திறன் இன்றும் தேவைப்படுகிறது.