டாக்டர் ஹூ: தயாரிப்புப் பின்னணி

டாக்டர் ஹூ, பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சி 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய அறிவியல் புனைவுத் தொடர். 1989இல் நின்றுபோய், 2005இல் புத்துயிர் பெற்றது. காலத்திலும் விண்வெளியிலும் சுற்றித் திரியும் டாக்டர் என்னும் வேற்றுக்கிரகவாசியே கதைநாயகர். இன்று இத்தொடரின் அடையாளங்களாகக் கொண்டாடப்படுபவற்றில் பல, கைப்பணம் போதாமல் செய்துகொண்ட ஏற்பாடுகள்.

முதல் கதையை இயக்கியவர் 1938இல் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். எழுத்தாளர் அத்தியா ஹுசைனின் மகன். சிறுவயதிலேயே இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் படித்தவர். படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 24; தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு 27. ஓர் இளம்பெண்ணையும் ஓர் இந்திய இளைஞரையும் அன்றைய பிபிசியின் மூத்தவர்கள் அவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. இருவருக்கும் வாய்த்த இடம் லைம் குரோவ் ஸ்டுடியோவின் ‘டி’ தளம்: பழையது, நெரிசலானது, விளக்குகளைப் போட்டால் புழுங்கித் தள்ளுவது.

1963 செப்டம்பரில் எடுத்த முதல் பதிப்பில் கால இயந்திரத்தின் கதவுகள் சரியாக மூடவில்லை. நடிகர்கள் வசனம் பேசப் பேசப் பின்னால் அவை அடித்துக்கொண்டிருந்தன. வில்லியம் ஹார்ட்னெல் நடித்த டாக்டரிடமும் கடுகடுப்பு மிகுதி. நாடகப் பிரிவுத் தலைவர் சிட்னி நியூமன் முழுவதையும் மறுபடி எடுக்கச் சொன்னார். அக்டோபரில் எடுத்த அந்த இரண்டாம் பதிப்பு ஒளிபரப்பானது அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். பார்க்கத் தவறியவர்கள் பலர் என்பதால், அடுத்த சனிக்கிழமை இரண்டாம் அத்தியாயத்துக்கு முன் முதல் அத்தியாயத்தையும் திரும்பப் போட்டார்கள்.

டார்டிஸ் எனப்படும் கால இயந்திரம், போகுமிடத்துக்கேற்ப உருமாற வேண்டும் என்பதுதான் கதை. வாரம் ஒரு புது உருவம் செய்யச் செலவு கட்டுப்படியாகாது. எனவே அது பழுதாகி, நீலநிறப் போலீஸ் தொலைபேசிப் பெட்டியாகவே நிலைத்துவிட்டது என்று எழுதிவிட்டார்கள். அது கிளம்பும்போது எழும் கரகரப்பு, ஒலிக்கலைஞர் பிரையன் ஹாட்ஜ்சன் தம் தாயாரின் வீட்டுச் சாவியால் ஒரு பழைய பியானோவின் கம்பிகளைச் சுரண்டிப் பதிந்தது.

தொடக்க இசையின் மெட்டு ரான் கிரெய்னருடையது. அதை ஒலியாக்கியவர் டெலியா டெர்பிஷயர். சின்தசைசர் புழக்கத்துக்கு வராத காலம். ஒற்றைக் கம்பியின் மீட்டலையும் அலையியற்றிகளின் ஒலியையும் நாடாவில் பதிந்து, சுரம் சுரமாக வெட்டி ஒட்டினார். கேட்டு வியந்த கிரெய்னர் அவருக்கும் பங்கு தர விரும்பியும் பிபிசி விதிகள் இடம் தரவில்லை. திரையில் டெர்பிஷயரின் பெயர் வந்தது 2013இல். அவர் இறந்ததோ 2001இல். தாலெக் என்னும் வில்லன் இயந்திரங்களை வடிவமைத்த ரேமண்ட் கஸிக்கின் கதையும் இதே ரகம். எழுதிய டெர்ரி நேஷனுக்கு உரிமைப்பணம் கொட்டியது. சம்பளக்காரரான கஸிக்குக்குச் சிறு அன்பளிப்புத் தொகையோடு சரி.

தொடரின் ஆயுளை நீட்டித்த யோசனையும் நெருக்கடியில் பிறந்ததே. 1966இல் ஹார்ட்னெல்லின் உடல்நிலை மோசமானது. டாக்டர் சாவதில்லை, வேறு உடல் எடுப்பார் என்று கதையை மாற்றி பேட்ரிக் டிரௌட்டனைக் கொண்டுவந்தார்கள். கூடுவிட்டுக் கூடுபாயும் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை; ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு அது துணிச்சல்.

சிக்கனம் அழிக்கவும் செய்தது. நாடாக்களை மறுபயன்பாட்டுக்காக பிபிசி அழித்ததில் 1960களின் பல அத்தியாயங்கள் போயின. ஹுசைன் பெரும்பகுதி இயக்கிய ‘மார்கோ போலோ’ (1964) கதையின் ஏழு அத்தியாயங்களுமே காட்சியாக இல்லை; ரசிகர்கள் வீட்டில் பதிந்த ஒலி மட்டும் கிடைக்கிறது. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்ற பிரதிகள் சில தப்பின. 2013இல் நைஜீரியாவிலிருந்து ஒன்பது அத்தியாயங்கள் மீண்டு வந்தன.

1977இல் தொடரில் கே-9 என்ற இயந்திர நாய் சேர்ந்தது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நாவல் வழியாக ஜீனோ என்னும் இயந்திர நாய் தமிழ் வாசகர் வீடுகளுக்குள் நுழைந்தது அதற்குச் சில ஆண்டுகள் பின்னர். கே-9இன் ரேடியோ கட்டுப்பாடு ஸ்டுடியோ கேமராக்களோடு குறுக்கிட்டதால், திசை தவறி எதன்மீதாவது மோதும். மேடுபள்ளமான வெளிப்புறத் தரையிலும் அதனால் ஓட முடியவில்லை. காகிதத்தில் வாழ்ந்த ஜீனோவுக்கு இந்தத் தொல்லைகள் கிடையா.