முதிர்ந்த நாட்டியக் குதிரையின் பயிற்சியும் பராமரிப்பும்: எடப்பாடிச் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. களமும் கருதுகோளும்

எடப்பாடியை அடுத்த பூலாம்பட்டியில் காவிரியைக் கடந்தால் நெரிஞ்சிப்பேட்டை. அங்கிருந்து அம்மாபேட்டை வழியாக அந்தியூர். ஆடி மாதத்தில் அந்தியூர் புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்குக் கத்தியவார், மார்வாரி, நாட்டுக் குதிரைகள் எனப் பல வகை வருகின்றன. மேளத்துக்கு ஏற்பக் கால் மாற்றி ஆடும் நாட்டியக் குதிரையைச் சுற்றியே கூட்டம் அதிகம்.

இந்த ஆட்டத்துக்கு மேலை மரபில் நெருங்கிய உறவு டிரஸாஜ் என்னும் குதிரையேற்றக் கலை. 1912 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெறும் அக்கலையில் 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி தங்கம் வென்றது. அனுஷ் அகர்வாலா தனிநபர் வெண்கலமும் பெற்றார்.

ஆட்டம் பழகிய குதிரைக்கு வயதாகும்போது இரண்டில் ஒன்று நேர்கிறது. இனி ஆகாது என்று லாயத்தில் கட்டிப்போடுகிறார்கள். அல்லது திருவிழா வந்ததும் அவிழ்த்து மணிக்கணக்கில் ஆடவிடுகிறார்கள். நாள்தோறும் செய்யும் அளவான வேலை முதிய குதிரையைக் கெடுப்பதில்லை. நீண்ட ஓய்வும் திடீர் உழைப்பும் மாறி மாறி வருவதும், மாட்டுக்கு ஏற்ற தீவனமும், நடுப்பகல் வெயிலுமே அதைக் கெடுக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

2. முதுமை எங்கே தொடங்குகிறது

சந்தையில் வயதைச் சொல்வது பல். ஐந்து வயதுக்குள் நிலைப்பற்கள் முளைத்துவிடும். மேல்தாடையின் ஓர வெட்டுப்பல்லில் பத்து வயதளவில் ஈறோரம் ஒரு பள்ளக்கோடு தோன்றி, பதினைந்தில் பாதிப் பல்லுக்கும் இருபதில் முழுப் பல்லுக்கும் இறங்கும். பத்துக்கு மேல் இக்கணக்கு தோராயமானதே.

நல்ல பராமரிப்பில் குதிரை 25 முதல் 30 ஆண்டு வாழும். ஆகவே பதினைந்து வயது என்பது முதுமையின் வாசல். வேலையின் முடிவாக அது இருக்க வேண்டியதில்லை. 2006இல் பிறந்த செனோர் மெடிகாட் என்ற குதிரையில்தான் பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் டிரஸாஜையும் உள்ளடக்கிய மூன்று கட்டப் போட்டியில் பங்கேற்றார். 2007இல் பிறந்த டலேரா என்ற பெண் குதிரை 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிரஸாஜ் தனிநபர் தங்கத்தை ஜெர்மனிக்கு வென்று தந்தது. அப்போது அதற்கு வயது 17. இரண்டும் ஆண்டு முழுவதும் மருத்துவர், லாடக்காரர், பயிற்சியாளர் கண்காணிப்பில் இருந்த குதிரைகள் என்பதை மறக்கக் கூடாது.

3. ஆட்டத்தின் உடலியக்கம்

நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்கால்கள் தாங்குகின்றன. டிரஸாஜ் பயிற்சி பல ஆண்டுகளில் பின்கால் மூட்டுகளை மடங்கப் பழக்கி, பாரத்தைச் சிறிது சிறிதாகப் பின்னுக்கு மாற்றுகிறது. அதன் பிறகே நின்ற இடத்தில் கால் மாற்றும் நடை கேட்கப்படுகிறது. உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு எட்டு வயதுக்கு முன் கிராண்ட் பிரீ என்னும் உச்சநிலைப் போட்டிக்குக் குதிரையை அனுமதிப்பதில்லை.

இதற்குக் குறுக்குவழி கடிவாளத்தை இழுத்துத் தலையை உயர்த்துவது. தலை உயர்ந்தால் முதுகு குழியும். பின்கால் உள்ளே வராமல் முன்கால் மட்டும் எம்பும். பார்வைக்கு ஆட்டம் ஒன்றுபோல் இருந்தாலும், முதுகிலும் பின்முழங்காலிலும் சேரும் சேதம் வேறு. இளவயதில் மறைந்திருந்த அச்சேதம் பதினைந்தில் வெளிப்படுகிறது. முள் பதித்த கடிவாளத்தை 1965ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்கு வதைத் தடுப்பு விதிகள் தடை செய்துள்ளன.

4. பயிற்சி ஒழுங்கு

4.1 தொடக்கம். முதிய மூட்டு இளகச் சற்று நேரம் பிடிக்கும். கடிவாள வாரைத் தளர்த்தி 15 முதல் 20 நிமிடம் நடத்திய பிறகே துள்ளுநடை.

4.2 அளவு. வாரத்தில் ஐந்தாறு நாள், நாளுக்கு அரை மணி முதல் முக்கால் மணி போதும். வளைவு நடை, நின்று கிளம்புதல், நடையைக் குறுக்கியும் நீட்டியும் மாற்றுதல் ஆகியவை ஆட்டத்துக்கு அடிப்படை. ஆட்டத்தைச் சில அடிகள் கேட்டுவிட்டு உடனே நடைக்கு வர வேண்டும். தெரிந்த பாடத்தைக் குதிரை மறப்பதில்லை. அதைச் செய்யும் தசையே கரைகிறது.

4.3 தரை. தார்ச்சாலை ஒவ்வோர் அடியின் அதிர்வையும் குளம்பு வழியே மூட்டுக்கு அனுப்பும்; லாடம் வழுக்கவும் செய்யும். காவிரிக்கரையின் ஆழ்மணல் அதற்கு மாறாகத் தசைநாணை இழுக்கும். கடலை பிடுங்கியபின் மட்டப்படுத்திய செம்மண் காடே இரண்டுக்கும் இடைப்பட்ட நல்ல தரை.

4.4 மறுப்பின் பொருள். பழகிய குதிரை ஒரு பக்கம் திரும்ப மறுத்தாலோ, வாலைச் சுழற்றினாலோ, காதைப் பின்னுக்குச் சாய்த்தாலோ முதலில் வலியைத் தேட வேண்டும். சவுக்கு அதற்கு மருந்தாகாது.

5. தீவனம்

எடப்பாடி வட்டாரத்தில் மாட்டுக்குக் கிடைக்கும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், சோளத்தட்டு, தவிடு ஆகியவையே பெரும்பாலும் குதிரைக்கும் போகும். இங்குதான் கவனம் தேவை.

நேப்பியர், கொழுக்கட்டைப் புல் போன்ற வெப்பமண்டலப் புற்களில் ஆக்சலேட் மிகுதி. மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். ஒற்றை வயிறுடைய குதிரையிலோ அது கால்சியத்தைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் தடுக்கும். தவிட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. இரண்டும் சேர்ந்தால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். முகவெலும்பு வீங்கும், இனம் தெரியாத நொண்டல் வரும். அதனை வயதின் தலையில் போட்டுவிடுவது எளிது. நேப்பியரை மட்டுமே நம்பாமல் கால்சியம் நிறைந்த குதிரைமசாலைக் கலப்பதும், தவிட்டைக் குறைப்பதும், மருத்துவர் சொல்லும் அளவில் தாது உப்பு சேர்ப்பதும் தீர்வு.

இளஞ்சோளப் பயிரில் நஞ்சு உண்டு. பச்சைச் சோளத்தை மேய்ந்தே வாழும் குதிரைகளுக்குச் சிறுநீர்ப்பை செயலிழந்து பின்கால் தள்ளாடுவதும் உண்டு. கொள்ளை வேகவைத்தே தர வேண்டும். பூஞ்சை பிடித்த கடலைக்கொடி எந்த வயதிலும் ஆகாது. நாள் ஒன்றுக்கு உடல் எடையில் குறைந்தது ஒன்றரை சதவீத அளவுக்கு உலர் நார்த்தீவனம் தேவை. அதைப் பல வேளையாகப் பிரித்துத் தருவது வயிற்றுச் சூலையைத் தவிர்க்கும்.

6. வெயில்

சேலம், நாமக்கல் சமவெளியில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். மேற்சொன்ன 1965 விதிகள், 37 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டி, பொதி விலங்குகளை வேலை வாங்கக் கூடாது என்கின்றன. ஆட்டக் குதிரைக்கும் அதே அளவுகோல் பொருந்தும்.

குதிரை முக்கியமாக வியர்வையால் குளிர்கிறது. அதோடு உப்பும் வெளியேறும். ஆகவே உப்புக்கட்டியும் தடையில்லாத நீரும் எப்போதும் அருகில் வேண்டும். வேலை முடிந்ததும் உடல் முழுதும் தொடர்ந்து குளிர்ந்த நீரை ஊற்றினால் சூடு விரைவில் இறங்கும். வேலைக்குப் பின் உடல் கொதித்தும் வியர்வை வராத குதிரையை உடனே நிழலில் நனைத்து மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

7. வாய், குளம்பு, நோய்

கடைவாய்ப் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வெளிவந்து தேய்கிறது. சமமின்றித் தேய்ந்தால் கூர்முனை கன்னத்தைக் கிழிக்கும். மென்ற புல்லைக் குதிரை உருண்டையாக உமிழ்வது முதல் அறிகுறி. கடிவாளத்தை எதிர்ப்பது இரண்டாவது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பல்லைப் பரிசோதித்து அராவ வேண்டும். பல் உதிர்ந்த குதிரைக்கு நறுக்கி நனைத்த தீவனம்.

குளம்பைச் செதுக்கி லாடத்தை மாற்ற 6 முதல் 8 வாரம். ஆணிக் காயத்தில் தொடங்கும் இசிவு நோய் குதிரையை எளிதில் கொல்லும் என்பதால் அதற்கான தடுப்பூசி தவறக் கூடாது. கடி ஈக்கள் பரப்பும் சர்ரா நோயில் விட்டுவிட்டுக் காய்ச்சல், இளைப்பு, காலில் வீக்கம் வரும். பதினைந்தைக் கடந்த குதிரைக்குக் கோடையிலும் நீள்மயிர் உதிராமல் நின்று, தசை வற்றினால் பிட்யூட்டரிச் சுரப்பிக் கோளாறு ஐயத்துக்குரியது. குளம்பழற்சிக்கு அது வழிவிடும். இத்தகைய நிலையில் அணுகத்தக்க இடம் 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி.

8. முடிவுரை

வயதை மட்டும் வைத்து முதிய ஆட்டக் குதிரையின் தகுதியை முடிவு செய்ய இயலாது. பல், தீவனம், குளம்பு, வெயில் ஆகியவற்றைச் சரிசெய்த பிறகும் அது துள்ளுநடையில் சீராக ஓடினால் ஆடலாம். ஓடாவிட்டால் நடைப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கும் கீழே இறக்கிக் கட்டிப்போடுவது எந்த நிலையிலும் நன்மை தராது. ஆடி மாத ஆட்டத்துக்கான ஆயத்தம் குறைந்தது மூன்று மாதம் முன்பே, சித்திரையின் விடிகாலைகளில், தொடங்க வேண்டும். திருவிழாக் குழுவினர் ஆட்டத்தைச் சில நிமிடச் சுற்றுகளாகப் பிரித்து, தாருக்குப் பதில் மண் தரையை ஒதுக்கி, நிழலும் நீரும் வைத்தால் இந்த ஒழுங்கில் உரிமையாளரால் செய்ய முடியாத பாதி நிறைவேறிவிடும்.