உறைபனி நாட்டில் வாடகை மலசலகூடம்

1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, கனடாவின் வடமேற்குக் கோடியிலுள்ள குளொண்டைக் ஆற்றுப் பகுதியிற் பொன் அகப்பட்டது. ஈராண்டு கழிவதற்குள், அந்த ஆறு யூக்கொன் பேராற்றோடு கலக்குமிடத்தில் டோசன் என்னும் நகரம் எழுந்துவிட்டது. 1898ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே குழுமியிருந்தோர் ஏறக்குறைய 30,000 பேர் என்பர். மதுச்சாலைகள் இருந்தன, சூதாட்ட மண்டபங்கள் இருந்தன, கழிவை அகற்றுவதற்கு ஒழுங்கான வழி மட்டும் இருக்கவில்லை. சதுப்பு நிலத்திலே நின்ற அந்நகரில் நெருப்புக்காய்ச்சல் பரவிற்று. வில்லியம் ஜட்ஜ் என்னும் இயேசு சபைத் துறவி நடத்திய மருத்துவமனை நோயாளரால் நிரம்பியது. பொன் தோண்ட வந்தோர் சிலருக்குப் புதைகுழியே எஞ்சியது.

ஆழமாகக் குழி தோண்டியிருக்கலாகாதா என்று நேயர்கள் வினவக்கூடும். தோண்ட இயலாது என்பதே அந்நிலத்தின் இயல்பு. யூக்கொனிலும் அதனை அடுத்த அலாஸ்காவிலும் நிலத்தின் பெரும்பகுதி ஆண்டு முழுவதும் கல்லைப்போல் உறைந்து கிடக்கிறது. கோடையில் மேல்மண் சில அடி ஆழத்துக்கு மட்டுமே இளகும். அடியிலுள்ள உறைமண் நீரைக் கீழே இறங்கவிடாது. ஆகவே குழியில் இட்டது குழியிலேயே தேங்கும். குழாய் புதைத்தால் குளிரில் உறைந்து வெடிக்கும். குழாயைச் சூடாக்கினாலோ சுற்றியுள்ள மண் இளகிக் குழாயே அமிழும். நிலம் ஏற்காத கழிவை யாரேனும் தூக்கிச் செல்லத்தான் வேண்டும்.

அலாஸ்காவின் மேற்குக் கரைக் கிராமங்களில் இதற்குப் பயன்பட்டது வாளி. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘தேன் வாளி’ என்பது. துன்பத்தைச் சிரித்துக் கழிக்கும் பெயர் போலும். வாளிக் கழிப்பிடம் நம் நாட்டு நகரங்களும் ஒரு காலத்தில் அறிந்ததே. ஆயினும் அங்கே குளிர் ஒருவகையில் உதவி செய்தது. மாரியில் வாளியிலுள்ளது கட்டியாக உறைந்துவிடும், நாற்றமில்லை, ஈயில்லை. இடர் வருவது வசந்தத்தில். பனி உருகும்போது, வழியெல்லாம் சிந்தியவையும் கரையிற் கொட்டியவையும் ஒருங்கே இளகி, சிறுவர் விளையாடும் பாதையிலும் குடிநீர் எடுக்கும் ஆற்றிலும் கலக்கும்.

வாடகைக்கு விடப்படும் கூண்டு மலசலகூடம் பிறந்ததோ வெயில் நாட்டில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கலிபோர்னியாவின் கப்பல் கட்டுந் துறைகளில், தொழிலாளர் கப்பலிலிருந்து கரைக்கு நடந்து செல்வதில் நேரம் வீணாயிற்று. அதனைத் தவிர்க்கவே மரக்கூண்டும் சிறு தாங்கியும் அமைக்கப்பட்டன என்று கூறுவர். பின்னர் கண்ணாடியிழைக் கூண்டு வந்தது. அது பாரம் மிக்கது, நாற்றத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். 1970களில் இலேசான பிளாஸ்டிக் கூண்டு அதன் இடத்தைப் பிடித்தது.

இக்கூண்டை வடக்கே கொண்டு சென்றவர்க்கு முதற் பகை தாங்கியிலுள்ள திரவமே. உறிஞ்சு குழாய் திரவத்தை இழுக்கும், பனிக்கட்டியை இழுக்காது. எனவே உப்பு நீர் ஊற்றினர். சாதாரண உப்பை இயன்றமட்டும் கரைத்தாலும் உறைநிலைக்குக் கீழ் 21 பாகை சென்டிகிரேட் வரையே அது காக்கும். மகனீசியம் குளோரைட்டு 33 பாகை வரை தாங்கும். அலாஸ்காவின் உட்பகுதியிலுள்ள ஃபெயர்பாங்ஸ் நகரிலோ உறைநிலைக்குக் கீழ் 40 பாகை என்பது அரிதன்று. மெதனோல் அதற்கும் அப்பால் உறையாமல் நிற்கும். ஆனால் அது நஞ்சு, எளிதில் தீப்பற்றக்கூடியது. புகைபிடிப்பவர் நுழையும் சிறு கூண்டில் அதனை வைப்பது அறிவுடைமையாகாது. ஆதலாற் கடுங்குளிரில் சூடேற்றிய அறையை நாடவேண்டும். அதற்கு மின்சாரமோ எரிபொருளோ வேண்டும், வாடகையும் உயரும்.

திரவத்தோடு தொல்லை தீரவில்லை. பவுசர் வண்டியின் அடைப்பான் உறையும்; உறிஞ்சு குழாய் விறைத்து வளையாது. இயந்திரத்தை நிறுத்தினால் மீண்டும் இயங்குமோ என்பது ஐயம். கூண்டைக் காற்று சாய்க்காதபடி கட்டவேண்டும். கதவை மூடிய பனியை மண்வெட்டியால் அகற்றவேண்டும். கட்டட வேலைகள் பெரும்பாலும் கோடையின் சில மாதங்களுக்குள் முடிந்துவிடுவதால், அக்காலத்து வருவாயே நெடுமாரியையும் கடத்த வேண்டியதாகிறது. வாடகைக்குக் கொடுப்பது கூண்டு. ஆனால் உண்மையில் விற்கப்படுவது, குறித்த நாளில் ஒருவர் வந்து அதனைத் துப்புரவு செய்வார் என்னும் உறுதி. அவர் ஒரு வாரம் வாராதுவிடின் கூண்டினாற் பயனில்லை.

கஸ்கொக்விம் ஆற்றங்கரையிலுள்ள பெதெல் நகரில் இவ்வுண்மை வீடுதோறும் விளங்கும். அங்கே பல வீடுகளுக்கு நன்னீரைக் கொணர்வதும் லொறி, கழிவுநீரைக் கொண்டு செல்வதும் லொறி. பனிப்புயல் வீதியை மூடினால், கழிவுத் தாங்கி நிரம்பிய வீட்டார் குழாயைத் திறக்கவும் தயங்குவர். கைகழுவும் நீரிலும் சிக்கனம் பிடிப்பர். குழாய்நீர் வசதி குறைந்த அலாஸ்காக் கிராமங்களில் சுவாச நோயாலும் தோல் நோயாலும் மருத்துவமனை சேர்வோர் மிகுதி என்று 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

1990களில் அலாஸ்காவின் ஆளுநராயிருந்த டோனி நோல்ஸ், தேன் வாளியை அரும்பொருட் சாலைக்கு அனுப்புவதாக உறுதி கூறினார். பல கிராமங்கள் அதன் பின்னர் குழாய் பெற்றன, எல்லாம் பெறவில்லை. 2021ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேரவை, பூர்வ குடிகளின் நீர், கழிவகற்றல் வேலைகளுக்கென 350 கோடி டொலர் ஒதுக்கியது. இதற்கிடையில் புவி வெப்பமடைய, உறைந்திருந்த நிலமும் இளகத் தொடங்கியுள்ளது. முன்னர் இட்ட குழாய்கள் சில இடங்களில் சரிந்து முறிகின்றன. அத்தகைய ஊர்களில் வாளி மீண்டும் வெளியே எடுக்கப்படுகிறது.